பூக்கும் பருவமும் போராட்டப் பருவமும்

ஜப்பான் என்றதும் பலருக்கு நினைவு வருவது என்ன? சகுரா மலர்! இளவேனிலில் பூத்துக் குலுங்கும் அந்த மரங்களின் அடியிலே பாய் விரித்து, குடும்பத்தாரோடும் உடன் உழைப்போரோடும் கூடி உண்டு மகிழும் ‘ஹனாமி’! எவரைக் கண்டாலும் தலை தாழ்த்தி வணங்கும் பண்பு! எல்லாம் உண்மைதான். ஆனால் அதே இளவேனிலுக்கு அந்நாட்டுப் பாட்டாளி இன்னொரு பெயரும் வைத்திருக்கிறான். சுற்றிப் பார்த்துவிட்டு வருவோர் அதைச் சொல்வதில்லை; எனவே நாம் சொல்லுகிறோம்.

‘ஷுன்டோ’ – வசந்தகாலப் போராட்டம் – என்பதே அந்தப் பெயர்!

ஜப்பானில் தொழிற்சங்கங்கள் பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனியானவை. ஒரு சங்கம் கூலி உயர்வு கேட்டால், “போட்டிக் கம்பெனி கொடுக்காதபோது நாங்கள் மட்டும் கொடுத்தால் வியாபாரம் என்னாவது?” என்று முதலாளி கையை விரிப்பார். தனித்தனியே கேட்டால்தானே தட்டிக் கழிக்க முடியும்? எல்லோரும் ஒரே பருவத்தில், ஒரே மூச்சில் கேட்டால்? இரசாயனத் தொழிலாளர் தலைவர் ஓட்டா கவோரு காட்டிய வழி அது. 1955-இல் எட்டுச் சம்மேளனங்கள் கைகோத்தன. ஏப்ரலில் புதிய கணக்காண்டு பிறக்கும் நாடு அது. அதற்கு முன்பே கோரிக்கை, பேச்சுவார்த்தை, தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் என்று முறை வகுத்தனர். எண்ணெய் நெருக்கடியால் விலைவாசி விஷமாய் ஏறியபோது, 1974-இல் அவர்கள் பெற்ற உயர்வு சராசரியாக நூற்றுக்கு 32.9!

இந்தப் போராட்டம் கவிதைக்குள்ளும் நுழைந்தது. ஐக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இடம்பெறுவது மரபு. அதற்கென்றே அகராதிகள் உண்டு. சகுராவும் தவளையும் வீற்றிருக்கும் இளவேனில் பட்டியலிலே ‘ஷுன்டோ’வும் ஏறிவிட்டது, ‘மே தின’மும் ஏறிவிட்டது! அந்நாட்டின் முதல் மே தினக் கூட்டம் 1920-இல் நடந்த இடமோ, சகுராவுக்குப் பேர்போன டோக்கியோ உயேனோ பூங்கா!

இலையுதிர் காலத்தையும் பாருங்கள். நவம்பர் 23, பேரரசர் புதுநெல்லைத் தெய்வங்களுக்குப் படைக்கும் சடங்கு நாள். 1948-இல் வந்த விடுமுறைச் சட்டம் அதே நாளுக்கு ‘உழைப்புக்கு நன்றி கூறும் நாள்’ என்று பெயர் சூட்டியது.

நன்றி கூறினால் போதுமா? பணி முடிந்து புறப்படுகிறவன், இன்னும் வேலையில் இருப்போரிடம், “உங்களுக்கு முன்னே போவதற்கு மன்னியுங்கள்” என்று கூறுவது அங்கே வழக்கம். “களைத்திருப்பீர்கள்” என்பது பொருள்பட அவர்கள் விடை கொடுப்பார்கள். இனிய மொழிதான்! ஆனால் வீட்டுக்குப் போவதற்கே மன்னிப்புக் கேட்கும் அந்த மொழியிலேதான் ‘கரோஷி’ என்ற சொல்லும் பிறந்தது. அளவுமீறி உழைத்துச் சாவது என்று அதற்குப் பொருள்! கணவனை இழந்த மனைவியரும், மகனை இழந்த பெற்றோரும் ஆண்டுக் கணக்கில் நீதி கேட்டு நின்றனர். 2014-இல் கரோஷித் தடுப்புச் சட்டம் வந்தது. நன்றி கூறும் அந்த நவம்பரே விழிப்பூட்டும் மாதமாயிற்று. மிகைநேர வேலைக்கு மாதம் 45 மணி, எவ்வளவு நெருக்கடியானாலும் 100 மணிக்குள் என்ற வரம்பு 2019-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அந்த 100 மணியே கொடுமை என்போம் நாம்!

இடையிலே ஷுன்டோவும் சோர்ந்தது. பல ஆண்டுகள் உயர்வு நூற்றுக்கு 2-ஐ ஒட்டியே நின்றது. “அதன் காலம் முடிந்தது” என்றோரும் உண்டு. 2024-இலோ, ரெங்கோ சம்மேளனத்தின் கணக்குப்படி 5.10! 33 ஆண்டுகளில் காணாத உயர்வு. 2025-இல் 5.25. ஆனால் 2024-இல் சிறிய சங்கங்களுக்குக் கிடைத்தது 4.45தான், விலைவாசியும் தன் பங்கை விழுங்கிற்று. ஆகவே போராட்டம் முடியவில்லை.

சகுரா தானே பூக்கும். காற்றடித்தால் தானே உதிரும். கூலி தானே உயர்வதில்லை. கைகோத்தவர்களுக்கே அந்த வசந்தம் வந்தது. கை நெகிழ்ந்தபோது அது வாடியது. ஜப்பானின் பருவங்கள் சொல்லும் பாடம் இதுவே!