கோடாரிக்கும் உண்டு உலகப் பட்டம்!

ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் காற்றுக்கு ஒரு வேப்பமரம் சாய்ந்துவிட்டால், கோடாரி பிடிக்கத் தெரிந்த ஆளைத்தான் முதலில் தேடுவார்கள். அவர் வந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கணு எங்கே, பாரம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் கூலி பேசுவார். வெட்டி முடித்ததும் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆரணிப் பட்டைப் பார்த்து, ‘யார் தறியில் நெய்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. விறகுக் கட்டையைப் பார்த்து, ‘யார் வெட்டியது?’ என்று யாரும் கேட்பதில்லை.

இதே வேலைக்கு மைதானம் அமைத்து, கைதட்டி, பட்டம் கொடுக்கும் நாடுகளும் இருக்கின்றன.

பந்தயத்தில் பிறந்த விளையாட்டு

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கிறது டாஸ்மேனியா தீவு. அங்கே 1870-ம் ஆண்டு, மரம் வெட்டும் தொழிலாளர்கள் இருவர், ‘யார் முதலில் மரத்தைச் சாய்ப்பது?’ என்று 25 பவுண்டு பந்தயம் கட்டினார்கள். மரம் வெட்டும் போட்டி அப்படித்தான் தொடங்கியது என்பார்கள். 1891-ல் அதே தீவில் உள்ள லட்ரோப் என்ற ஊரில் உலகப் போட்டியே நடந்தது.

இந்த விளையாட்டை வளர்த்ததில் விவசாயக் கண்காட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சிட்னியில் ஆண்டுதோறும் நடக்கும் ஈஸ்டர் கண்காட்சியை நடத்துவது ஒரு வேளாண் சங்கம். ஒருபக்கம் மாடுகளுக்கும் விளைபொருள்களுக்கும் பரிசு. இன்னொரு பக்கம் கோடாரிப் போட்டி.

அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பல போட்டிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டத் தொடங்குவதில்லை. நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவார். திறமை குறைந்தவர் முதலில் கோடாரியை ஓங்கலாம்; கைதேர்ந்தவர் தனக்குரிய எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் வயதான அப்பாவும் இளவட்டப் பிள்ளையும் ஒரே போட்டியில் நிற்க முடிகிறது.

அப்பாவிடம் கற்ற வித்தை

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, விவரம் தெரியும் முன்பே நாடா ஓடும் சத்தத்தைக் கேட்டு வளர்வதுபோலத்தான் இவர்களும் வளர்கிறார்கள். டாஸ்மேனியாவின் டேவிட் ஃபாஸ்டருக்கு வழிகாட்டி, அவருடைய அப்பா ஜார்ஜ். இருவர் சேர்ந்து இழுக்கும் ரம்பப் போட்டியில் அப்பாவும் மகனும் ஜோடியாக உலகப் பட்டம் வென்றார்கள். டேவிட், தொடர்ந்து 21 ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்தவர். மொத்தமாக அவர் வென்ற பட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

நியூசிலாந்தின் ஜேசன் வைன்யார்டு, மாவோரி இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் கோடாரி வீரர். ஜேசன் தனிநபர் உலகப் பட்டத்தை 9 முறை வென்றார். அவருடைய மனைவியும் போட்டிகளில் கலந்துகொள்பவர். 2023 டிசம்பரில், 50 வயதில், புற்றுநோயால் ஜேசன் காலமானார்.

15 விநாடிக்குள் துண்டு!

நட்டுவைத்த 30 சென்டிமீட்டர் பருமனுள்ள கட்டையை, முன்னணி வீரர்கள் 15 விநாடிக்குள் இரண்டாக்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் பாதிவரை வெட்டிவிட்டு, மறுபக்கம் மாறி மீதியை முடிப்பார்கள். இன்னொரு போட்டியில், படுக்கவைத்த கட்டையின் மேலேயே ஏறி நின்று, இரண்டு கால்களுக்கும் நடுவே வெட்ட வேண்டும். கால் தப்பினால் போயிற்று என்பதால், இரும்பு வளையங்களால் பின்னிய காலுறை போடுகிறார்கள். மரத்தில் குழி வெட்டி, அதில் பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று உச்சிக்கட்டையை வெட்டும் போட்டியும் உண்டு. காட்டில் அடிப்பக்கம் பருத்த மரங்களை அப்படி ஏறித்தான் வெட்டினார்கள். அந்தப் பழக்கமே போட்டியாகிவிட்டது.

இதெல்லாம் வெறும் புஜபலத்தில் நடப்பதில்லை. சாய்வாக மேலிருந்து ஒரு வெட்டு, கீழிருந்து ஒரு வெட்டு. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் சில்லு தெறித்து விழும். விரல் அளவு விலகினாலும் அந்த வெட்டு வீண். அதனால் பயிற்சியில் வேகம் இரண்டாவது பாடம்தான். நினைத்த இடத்தில் கோடாரி இறங்குவதே முதல் பாடம்.

போட்டிக் கோடாரி சுமார் 3 கிலோ எடை இருக்கும். சவரக்கத்திபோலக் கூர் இருக்கும். கெட்டி மரத்துக்கு ஒன்று, மெது மரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தீட்டி, பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். அதைக்கொண்டு விறகு பிளக்க மாட்டார்கள்.

இவ்வளவு பயிற்சி எடுத்தும், பரிசுப் பணத்தை மட்டும் நம்பி வாழ்பவர்கள் கொஞ்சம்தான். பலர் பண்ணை வேலை, காட்டு வேலை என்று பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டே பயிற்சி எடுக்கிறார்கள்.

நம் வீட்டுக் கோடாரிக்கு...

இந்த வீரர்களிடமிருந்து கிராமத்து வீடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. மொட்டைக் கோடாரி மரத்தில் இறங்காமல் வழுக்கிக் காலில் பாயும். வேலை தொடங்கும் முன்பே தீட்டிவிட வேண்டும். காம்பு ஆடினால் இறுக்காமல் ஓங்கக் கூடாது. வெட்டும் இடத்தில் பிள்ளைகளை நிற்கவிடக் கூடாது. கை சோர்ந்துவிட்டால் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து வெட்டலாம்.

அடுத்த முறை மரம் வெட்ட ஆள் வரும்போது, அவர் கோடாரி எங்கே இறங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒரே கோட்டில் வெட்டு மேல் வெட்டாக விழுந்தால், அவர் கையில் இருப்பதும் அதே வித்தைதான். கூலி பேசும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.