பிள்ளைக்கு ‘ஆட்டிசம்’ என்கிறார்கள், திருப்பிக் கேட்கலாமா?

சங்கத்துக்காரர்களைத் தேடி வருகிறவர்கள் சம்பளத்தில் பிடித்தம், ஒழுகும் லயம், கிராணியோடு தகராறு என்றுதான் வழக்கமாக வருவார்கள். இப்போது சிலர் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய கடிதத்தையும் கொண்டு வருகிறார்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்த கடிதம். ‘இதுல என்னாதான் எழுதிருக்கு, படிச்சிச் சொல்லுங்கண்ணே’ என்கிறார்கள். படித்துப் பார்த்தால், இரண்டு வயதுப் பிள்ளையின் பெயருக்குக் கீழே ‘ஆட்டிசம்’ என்று இருக்கிறது.

நமது லயங்களுக்கு இது புதிய சொல். டாக்டர்களுக்குப் பழையது. 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. காய்ச்சல், சளி போல வந்து போகும் நோயல்ல. பிள்ளையின் மூளை வளரும் விதமே வேறு. மனிதரோடு பழகுவது, பேசுவது, விளையாடுவது ஆகியவை மற்றப் பிள்ளைகளைப் போல் அமையாது. ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்வதும் உண்டு.

பேராவில் ஒரு தோட்டத்துத் தம்பதியரைச் சொல்லலாம். தகப்பன் குலை வெட்டுகிறவர். தாய் உரம் போடும் வேலைக்குப் போகிறவர். பையனுக்கு இரண்டேகால் வயது. 20 மாதத்தில்தான் நடந்தான். பேச்சு என்று பார்த்தால் ‘ம்மா’ ஒன்றுதான். கிளினிக் மிஸி பார்த்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் காத்திருந்து, நாள் சம்பளத்தை விட்டுப் போனார்கள். உள்ளே இருபது நிமிஷம். கேள்வியெல்லாம் மலாயில். தாய்க்குப் பாதி விளங்கவில்லை, விளங்காததற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். வெளியே வரும்போது கையில் அந்தக் கடிதம்.

‘மோட்டார் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடியாறான். தூக்குன்னு ரெண்டு கையையும் நீட்டுறான். என் மொகத்தப் பாத்துச் சிரிக்கிறான். இவனுக்கு எப்படிண்ணே அது?’ என்று தகப்பன் கேட்டார்.

‘இதை டாக்டர்கிட்டச் சொன்னீங்களா, தம்பி?’ என்றோம்.

‘கேட்டாத்தானே சொல்றது!’

வீட்டில் மூன்று கட்சி. தகப்பன் இனி அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை என்கிறார். தாய் இரவெல்லாம் அழுகிறார். பாட்டியோ, ‘இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், வசம்பைத் தேய்ச்சி நாக்குல தடவு’ என்கிறார். பாட்டி சொல்வதைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. தாமதமாகப் பேசும் பிள்ளைகள் உண்டுதான். ஆனால் அந்தப் பேச்சை நம்பி ஓர் ஆண்டு போய்விட்டால், அந்த ஓர் ஆண்டு திரும்பி வராது.

சரி, டாக்டர் சொன்னதைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பெரட்டில் பெயர் விட்டுப்போனால் கேட்கிற நாம், பிள்ளை விஷயத்தில் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. ‘இவனுக்கு இருப்பது ஆட்டிசம்தானா?’ என்பது ஒன்று. ‘இவனுக்கு உதவி தேவையா?’ என்பது வேறு. முதல் கேள்வியில் சந்தேகத்துக்கு இடமுண்டு. இரண்டாவதில் பெரும்பாலும் இல்லை.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றால், அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் மிஸி ஒரு கேள்வித் தாளைப் பார்த்து இருபது சொச்சம் கேள்வி கேட்பார். அதற்கு ‘எம்-சேட்’ என்று பெயர். அது சல்லடை, தீர்ப்பு அல்ல. சிக்க வேண்டிய பிள்ளை தப்பிப் போகக் கூடாது என்று கண்ணைச் சின்னதாக வைத்த சல்லடை. அதன் திருத்திய பதிப்பை அமெரிக்காவில் சோதித்து 2014 இல் வெளியிட்டார்கள். முதல் தடவையும் சிக்கி, மறுபடி விசாரித்தபோதும் சிக்கிய பிள்ளைகளில் 100க்கு சுமார் 47 பேருக்குத்தான் ஆட்டிசம் என்று முடிவானது. பாதிக்கும் குறைவு! அதே ஆய்வில், 100க்கு சுமார் 95 பேருக்கு ஏதாவது ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைப்படும்படியான குறையோ இருந்தது. ஆகவே ‘எம்பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லை’ என்கிற தகப்பன் சொல் மெய்யாக இருக்கலாம். ‘எம்பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லை’ என்பது அநேகமாக மெய்யாக இராது.

மிஸி சொன்னது சல்லடையின் முடிவா, டாக்டர் ஆராய்ந்து சொன்ன முடிவா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடிதத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதியிருப்பதை வீட்டுக்கு வருவதற்குள் ‘வந்துடுச்சி’ என்று மாற்றிக்கொண்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

டாக்டரே முடிவாகச் சொல்லியிருந்தால் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடை, கைவேலை, பேச்சு, புரிந்துகொள்ளுதல் எல்லாவற்றிலும் பின்தங்கிய பிள்ளை, இரண்டரை வயதிலும் ஒரு வயதுக் குழந்தைபோலவே நடந்துகொள்ளும். அதை இரண்டரை வயதுப் பிள்ளையோடு நிறுத்திப் பார்த்தால் பழக்கத்திலும் குறைதான் தெரியும். உலகத்து டாக்டர்கள் பலரும் கையாளும், 2013 இல் வெளிவந்த விதிநூலிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது: பிள்ளையின் மொத்த வளர்ச்சிக்கு எதிர்பார்ப்பதைவிடவும் பழகும் தன்மை குறைந்திருந்தால்தான் ஆட்டிசம் என்று சேர்த்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் அது பொதுவான வளர்ச்சித் தாமதம். ஆகவே, ‘டாக்டர், எம்பிள்ளைய எந்த வயசுப் பிள்ளையோட ஒப்பிட்டுப் பாத்தீங்க? எல்லாத்துலயும் தாமதமா, இல்ல பழகுறதுல மட்டும் கூடுதலாக் குறையா?’ என்று கேளுங்கள். இது எதிர்ப் பேச்சல்ல. நல்ல டாக்டர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

தகப்பன் சொன்ன சிரிப்புக்கு வருவோம். ஆட்டிசம் உள்ள பிள்ளையும் சிரிக்கும், தாய் தகப்பன்மேல் பாசம் வைக்கும். சிரிப்பை மட்டும் வைத்து ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர் தேடுவது வேறொன்று. பிஸ்கட் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்து டின்மேல் வைக்கிறானா, தன் விரலை நீட்டிக் காட்டுகிறானா? லயத்துக்குப் பின்னால் குரங்கு வந்தால், ‘அதோ பாரு’ என்பதுபோல் விரலை நீட்டிவிட்டு, நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? தனக்கு வேண்டியதைக் கேட்பது ஒன்று; தான் கண்டதை உங்களோடு பங்கு போட்டுக்கொள்வது வேறொன்று. இந்த இரண்டாவதுதான் பெரிய அடையாளம். காலியான கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதுபோல் பாவனை செய்கிறானா என்றும் கேட்பார்கள். வீட்டிலே பொம்மை இல்லாத பிள்ளை ஆஸ்பத்திரிப் பொம்மையைக் கண்டு மிரண்டு நிற்பதும் உண்டு. ஆனால் அதே பிள்ளை வீட்டில் அப்பனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, குச்சியைத் தூக்கி, குலை வெட்டுவதுபோல் ஆடியிருக்கும். அதை யார் போய்ச் சொல்வது? நீங்கள்தான்.

ஒரு வாரம் கவனித்துச் செய்வதையும் செய்யாததையும் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஹேண்ட்போனில் படம் பிடியுங்கள். நல்லதை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆயாக் கொட்டகை இன்னும் நடக்கிற தோட்டமென்றால் ஆயாவையும் கேளுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே உங்கள் பிள்ளை எப்படி என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்த தவணைக்குப் போகும்போது தமிழ் தெரிந்த மிஸி இருக்கிறாரா என்று முன்னதாகவே கேளுங்கள். இல்லையென்றால் மலாய் நன்றாகத் தெரிந்த உறவினர் ஒருவரை அழைத்துப் போங்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்ட வேண்டாம். ‘தாக் பாஹாம்’ என்று சொல்வதில் வெட்கம் என்ன?

காது விஷயம் தனி. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் காதைச் சோதிக்காமல் முடிவு சொல்லக் கூடாது. மோட்டார் சத்தம் கேட்கிறதே என்று நாம் நினைப்போம். பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலி கேட்காது. காதுக்குள் நீர் கட்டினாலும் அப்படி ஆகும். சோதித்திருக்கிறார்களா என்று கடிதத்தில் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். இரத்தத்தில் இரும்புச் சத்தும், தைராய்டும் பார்க்க வேண்டுமா என்றும் விசாரியுங்கள். திருப்தி இல்லாவிட்டால் வேறோர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றுக் கடிதம் கேட்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ‘நீ வேலைக்குப் போனே, அதான் பிள்ளை இப்படி’ என்று லயத்தில் பேசுவார்கள். ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். தாயின் அன்பு குளிர்ந்துபோனதுதான் காரணமாம்! பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்கர், தாமே ஆட்டிசப் பிள்ளைக்குத் தகப்பன், அதை ஒப்புக்கொள்ளாமல் படித்து ஆராய்ந்து 1964 இல் புத்தகம் போட்டு உடைத்தார். டாக்டர்களைத் திருப்பிக் கேட்ட தகப்பன் அவர். தடுப்பூசியால் வருகிறது என்ற கதையும் அப்படியே. 1998 இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வந்த கட்டுரைதான் அந்தப் புரளிக்கு வித்து. 2010 இல் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கிளினிக் ஊசியை நிறுத்த வேண்டாம்.

சண்டை நடக்கிற வரையில் பிள்ளையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. பெயர் ஆட்டிசமோ தாமதமோ, இரண்டு வயதில் செய்ய வேண்டிய பயிற்சி பெரும்பாலும் ஒன்றுதான்: பேச்சுப் பயிற்சி, கை உடல் பயிற்சி, வீட்டில் முகம் பார்த்துப் பேசி விளையாடுவது. அழுகிற பிள்ளைக்கு ஹேண்ட்போனைக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போவது ஆட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் பேச்சுப் பழகும் நேரத்தைத் தின்றுவிடும். சமூகநல இலாகாவின் ‘பி.டி.கே’ நிலையங்கள் 1984 இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி இன்று நாடெங்கும் இருக்கின்றன. பக்கத்து ஊரில் எங்கே என்று இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ‘ஓகேயூ’ அட்டை எடுத்தால் பையன் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். 2008 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு அவரவர் விருப்பம், கட்டாயமில்லை.

எல்லாம் சரி, லீவுக்கு எங்கே போவது என்பீர்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று எம்.சி. எடுக்க முடியாது, அது தொழிலாளியின் சொந்த நோவுக்கு மட்டும்தான். ஆனால் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருட லீவு உங்களுக்கு உண்டு: 2 வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். தவணைத் தேதி தெரிந்தவுடன் கிராணியிடம் எழுத்தில் கொடுங்கள். 2023 ஜனவரி 1 முதல் அதே சட்டத்தில் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். வாரம் ஒரு நாள் தெரப்பிக்குக் கூட்டிப் போக வேண்டிய தாய்க்கு இது உதவும். மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளாகியும் பதில் வராவிட்டாலும், காரணம் சொல்லாமல் மறுத்தாலும், அந்த நகலோடும் ஆஸ்பத்திரித் தவணைச் சீட்டோடும் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.