பொட்டலத்தில் சிரிக்கிற விவசாயிக்கு என்ன கிடைக்கிறது?

தில்லி சூப்பர்மார்க்கெட்டுகளில் முண்டாசு கட்டிய விவசாயி சிரிக்காத அலமாரி அபூர்வமாகிவிட்டது. 'விவசாயியிடமிருந்து நேரடியாக', 'நியாய விலை கொடுத்து வாங்கியது' என்றெல்லாம் அச்சடித்த பொட்டலம், பக்கத்தில் இருப்பதைவிட விலை கூட. மனமிருப்பவர்கள் கொடுக்கட்டும். ஆனால் அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. கேள்விக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது.

ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வறிக்கைகளின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி முழுவதும் தரகர் கொள்ளை என்று சொல்வது சுலபம், ஆனால் சரியல்ல. லாரி வாடகை, கூலி, அழுகல், கடைவாடகை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சிக்கல் வேறிடத்தில். தில்லியின் ஆசாத்பூர் மண்டியில் சரக்கு ஏலம் போகும்போது அதை விளைவித்தவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. விற்ற விலை சீட்டில் எழுதி வரும், அல்லது போனில் வரும். பருவத் தொடக்கத்தில் கமிஷன் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தால் சரக்கை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. பேரம் விதைக்கும்போதே முடிந்துபோகிறது.

ஆகவே ஒரு கடை விவசாயிக்கு உண்மையிலேயே உதவ நினைத்தால், போஸ்டரைவிடக் கொள்முதல் ஒப்பந்தத்தைத்தான் மாற்ற வேண்டும். சர்வதேச ஃபேர்டிரேட் முத்திரையின் விதிகள் அங்கேதான் கைவைக்கின்றன. காபியை எடுத்துக்கொள்வோம். சந்தை சரிந்தாலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் அடிமட்ட விலை உண்டு. சந்தை விலை அதைத் தாண்டினால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் பவுண்டுக்கு 20 சென்ட் ஊக்கத்தொகை விவசாயிகளின் சங்கத்துக்குப் போகும்; கிணறா, பள்ளிக்கூடமா, உலர்களமா என்பதைச் சங்கத்தினரே கூடி முடிவெடுப்பார்கள். விவசாயிகள் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம்வரை முன்பணத்துக்கும் வாங்குகிறவர் வழிசெய்ய வேண்டும். ஏஜெண்டின் பிடியைத் தளர்த்துவது இந்த முன்பணம்தான் என்பது என் எண்ணம்.

முத்திரைக்கும் எல்லை உண்டு. சங்கத்தின் விளைச்சல் முழுவதும் அந்த விலைக்கு விற்றுவிடுவதில்லை. சான்றிதழுக்கும் செலவு இருக்கிறது. 2006இல் தொடங்கிய ஃபேர் டிரேட் அலையன்ஸ் கேரளாவின் சிறு விவசாயிகள் முந்திரியையும் காபியையும் மிளகையும் ஐரோப்பியக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். நம்மூர் அலமாரியில் அந்த முத்திரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தில்லியில் பழகிய உதாரணம் சஃபல். தேசியப் பால்வள வாரியம் 1988இல் தொடங்கிய இந்தக் காய்கறிக் கடைகளில் ஃபேர்டிரேட் முத்திரை கிடையாது. ஆனால் கிராமத்து விவசாயிகள் சங்கங்களிடமிருந்து நேராக வாங்கும் ஏற்பாடு உண்டு. முத்திரையைவிட ஏற்பாடு முக்கியம்.

ஏமாறுகிற இடம் வார்த்தைகளில் இருக்கிறது. பிரிட்டனின் செயின்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட் 2017இல் தன் சொந்தத் தேயிலைப் பொட்டலங்களில் ஃபேர்டிரேட் முத்திரையை எடுத்துவிட்டு 'ஃபேர்லி டிரேடட்' என்று தானே ஒரு பெயர் வைத்தபோது ஆப்பிரிக்கத் தேயிலை விவசாயிகள் எதிர்த்தார்கள். ஊக்கத்தொகையைச் செலவிடும் அதிகாரம் தங்கள் கையைவிட்டுப் போகிறது என்பதே அவர்கள் புகார். இங்கே இன்னொரு குழப்பம், 'ஜைவிக் பாரத்' முத்திரை. அது இயற்கை விளைபொருளுக்கு அடையாளம். விவசாயிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'விளம்பரம்' என்பதற்குள் லேபிளும் உறையும் பில்லும் அடங்கும். ஆகவே பொட்டலத்தில் அச்சடித்த பொய்யும் தவறான விளம்பரமே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம்வரை. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சங்கத்திடம் வாங்கினீர்கள், யார் சான்று கொடுத்தது? மழுப்பினால் பொட்டலத்தின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. முப்பது ரூபாய்க்காக வழக்கு நடத்துவது வீண் அலைச்சல்தான். 1915க்கு ஒரு போன் போட்டால் போதும். ஒரே லேபிள்மீது பல புகார் சேர்ந்தால் அதற்கு வலு கூடும்.

கடைகளுக்குச் சரக்கு விற்கிற விவசாயிகள் தரப்புக்குப் பெரிய வலி, பணம் இழுத்தடிக்கப்படுவது. சரக்கைப் பதப்படுத்திப் பொதி செய்து அனுப்பும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் குறு, சிறு தொழிலாக அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் கடை பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதற்காகத் தில்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை. விற்றவர் இருக்கும் இடத்து வசதியாக்கக் குழுவுக்கே விசாரிக்கும் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கின்றன. மனுவோடு கேட்பது கொள்முதல் ஆர்டர், இன்வாய்ஸ், சரக்கு சேர்ந்ததற்குக் கையெழுத்து. வாட்ஸ்அப்பில் 'அனுப்புங்க' என்று வந்த ஒரு வரியை மட்டும் நம்பி லாரி ஏற்றியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.