நீருக்குள் வாழும் சாட்சிகள்

பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்ய அமரும்போது, கையெட்டும் தூரத்தில் துள்ளித் திரியும் சிறு மீன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு விருந்தாவது மட்டும் அவற்றின் வேலையன்று. தேங்கிய நீரில் தோன்றும் கொசுப் புழுக்களை உண்டு, தொழ வருவோரை அவை காக்கவும் செய்கின்றன. எந்த மீன் கொசுப் புழுவை நன்றாக உண்ணும், எது உண்ணாது என்பதையெல்லாம் இந்திய மலேரியாத் துறைக்காக 1930களில் முறையாக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் சுந்தர் லால் ஹோரா. ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழும் உயிர்களை அறிவதற்கே தம் வாழ்நாளை ஒப்படைத்த அப்பெருமகனாரை நம் இல்லங்களில் அறிந்தவர் மிகச் சிலரே.

லாகூரிலிருந்து கல்கத்தாவுக்கு

ஹோரா 1896ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள ஹாஃபிஸாபாத் என்னும் ஊரில் பிறந்தார்; லாகூரில் கல்வி பயின்றார். 1919இல் லாகூருக்கு வந்திருந்த தாமஸ் நெல்சன் அன்னண்டேல் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான். ஏரிகளின் மீது தீராத காதல் கொண்ட அறிஞர். ஒரிசாவின் சிலிகா ஏரியையும் பர்மாவின் இன்லே ஏரியையும் ஆராய்ந்தவர். நம் ஹதீஸ்களில் இடம்பெறும் தபரிய்யா ஏரிக்கு 1912இல் சென்று அதன் உயிரினங்களையும் ஆராய்ந்தவர். இத்தகைய ஆசானிடம் சேர்ந்த மாணவருக்கு நீரே பாடநூலாயிற்று.

1920இல் மணிப்பூர்ப் பள்ளத்தாக்குக்குச் சென்ற ஹோரா, அங்குள்ள மீன்களையும் மீன்பிடி முறைகளையும் பற்றி எழுதினார். பின்னர் காசி மலைகளின் ஓடைகளுக்குச் சென்றார். பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் அந்த நீரில் ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது: இந்த வேகத்தில் ஒரு சிறு மீன் எப்படி அடித்துச் செல்லப்படாமல் நிலைத்து நிற்கிறது?

பற்றி நிற்கும் கலை

விடையைத் தேடி அவர் மீன்களின் வயிற்றுப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். சில மீன்களுக்கு வாயின் பின்னே வட்டமான ஒட்டுத்தட்டு அமைந்திருந்தது. சில கெளுத்தி இனங்களின் நெஞ்சில் மடிப்பு மடிப்பான தோல் இருந்தது. வேறு சிலவற்றில் உடலே தட்டையாகி, துடுப்புகள் விசிறிபோல் விரிந்து பாறையோடு படிந்தன. அதே ஓடையில் வாழும் ஒருவகைப் பூச்சியின் புழுவுக்கு வயிற்றில் ஆறு உறிஞ்சிகள்! சில தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கும் அதுபோன்ற அமைப்பே. ஒன்றுக்கொன்று உறவில்லாத உயிர்களுக்கு ஒரே தேவைக்காக ஒத்த அமைப்புகள் வாய்த்திருப்பதை அவர் ஒப்பிட்டு விளக்கினார். அந்த ஆய்வு 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது.

நம் தமிழகத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பாறையை ஒட்டி வாழும் ஒரு மீன் பேரினத்துக்கு 1920இல் ஹோரா சூட்டிய பெயர் ‘பவானியா’. நம் பவானி ஆற்றின் பெயர் இவ்வாறு உலக விலங்கியல் ஏடுகளில் நிலைபெற்றது.

வற்றும் ஏரியின் மீன்கள்

‘மலை ஓடையின் கதை நமக்கு எதற்கு?’ என்று வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து வாசகர்கள் கேட்கக்கூடும். நம்முடையது பாறைக் குன்றுகளும் மழையை நம்பிய ஏரிகளும் நிறைந்த பூமி. செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. கோடையில் நம் ஏரிகள் சேறாகச் சுருங்கிவிடும். அச்சேற்றிலும் விராலும் குறவையும் உயிர் தாங்கிக் கிடப்பதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குச் செல்வதைப் பெரியவர்கள் கண்டிருப்பர்.

ஹோரா இவற்றையும் விட்டுவைக்கவில்லை. தேங்கிய வெப்பநீரில் பிராணவாயு குறையும்போது, இம்மீன்கள் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் திறனை அவர் 1930களில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். பாயும் நீரில் பற்றி நிற்கும் மீன் ஒருபுறம்; மூச்சுமுட்டும் நீரில் காற்றைத் தேடும் மீன் மறுபுறம். ஒவ்வொரு நீருக்கும் ஏற்ற உயிரைப் படைத்து, ஒவ்வோர் உயிருக்கும் தேவையான உறுப்பை அளித்த வல்லோனின் அளவை அறிய, ஓர் ஏரிக்கரையும் பொறுமையும் போதுமே!

வெள்ளம் கொண்டது போக

ஹோராவின் பணி எளிதாக நடந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, பாதுகாப்புக் கருதி விலங்கியல் நிறுவனத்தின் சேகரிப்புகள் காசி நகருக்கு மாற்றப்பட்டன. 1943இல் வருணா ஆறு பெருக்கெடுத்து அக்கட்டடத்தில் புகுந்தது. ஆறுகளிலும் ஏரிகளிலும் பல்லாண்டு உழைத்துத் திரட்டியவற்றுள் பலவற்றை ஓர் ஆறே அழித்துச் சென்றது. 1942 முதல் வங்காளத்தின் மீன்வளத்துறைக்குத் தலைமை வகித்த ஹோரா, 1947இல் விலங்கியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவர் பிறந்த மண் வேறு நாடாகிவிட்ட அதே ஆண்டு அது. சிதைந்த நிறுவனத்தைச் சீர்படுத்தும் சுமை அவர் தோளில் விழுந்தது. 1955 டிசம்பரில் மறையும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

மலேயாவிலும் வடகிழக்கு மலைகளிலும் வாழும் மீன்களின் உறவினங்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படுவது எப்படி என்று அவர் வினவினார். சாத்பூரா மலைத்தொடர் வழியாக அவை பரவியிருக்கலாம் என்று விடை கூறினார். பிற்கால ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி இன்றும் ஆராய்ச்சியாளரை ஓடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேரளத்தின் கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த கண்ணற்ற சிறு கெளுத்திக்கு 1950இல் ‘ஹோராகிளானிஸ்’ என்று பெயரிட்டுச் சிறப்பித்தனர். வீட்டுக் கிணற்றின் இருளிலும் அறியப்படாத உயிர் வாழக்கூடும் என்பதற்கு அது சான்று.

நிறம், சுவை, மணம்

நீரின் தூய்மையை அறிய நிறம், சுவை, மணம் என்னும் மூன்று அடையாளங்களை நம் ஃபிக்ஹுச் சட்டங்கள் கற்பிக்கின்றன. மதரஸாவின் தொடக்கப் பாடமே தண்ணீரின் சட்டம்தான். நீரியல் அறிஞர்கள் மேலும் ஒரு சாட்சியை அழைக்கின்றனர். அது நீருக்குள் வாழும் உயிர். மேஃப்ளை என்னும் பூச்சி சிறகு முளைத்தபின் வாழ்வது சில மணி நேரமோ ஓரிரு நாளோதான். அதற்குமுன் நீரடிக் கல்லைப் பற்றி நெடுநாள் வளர்கிறது. அவ்வினங்களுள் பெரும்பாலானவை பிராணவாயு நிறைந்த நல்ல நீரிலேயே நிலைக்கும். கழிவு மிகுந்தால் அவை மறைந்து, குறைந்த பிராணவாயுவிலும் பிழைக்கும் செந்நிறப் புழுக்கள் பெருகும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் நீரும் இச்சாட்சிகளின் முன் பொய் சொல்ல இயலாது.

அச்சாட்சிகள் இன்று அருகி வருகின்றன. மீன், நண்டு, இறால், தும்பி ஆகிய நன்னீர் உயிர்களில் சுமார் 23,500 இனங்களை ஆராய்ந்து 2025இல் வெளியான உலகளாவிய ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில் இருப்பதாகக் கூறுகிறது. காரணங்கள் நம் கண்முன்னே உள்ளன. கழிவுநீர், வயல் நஞ்சுகள், அணைகள், நீர்நிலை ஆக்கிரமிப்பு ஆகியவற்றோடு அயல்நாட்டு மீன்களும் சேர்ந்துகொள்கின்றன. நாம் ஜிலேபிக் கெண்டை என்று வாங்கும் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நாட்டு மீன்களை நெருக்கி ஏரிகளை ஆள்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை விதித்த பிறகும் அது பல நீர்நிலைகளில் புகுந்துவிட்டது.

ஆறுதலான செய்தியும் உண்டு. நம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில், பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கழுவெளியைக் காக்க வேண்டுமாயின், அதற்கு நீர் அனுப்பும் ஊர் ஏரிகளையும் காத்தாக வேண்டும்.

நம் பங்கு என்ன?

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாது என்பது நம் மார்க்கத்தின் போதனை. அப்படியிருக்க, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகளை ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவது எவ்வாறு தகும்? அவற்றைக் குழி தோண்டிப் புதைக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் முன்கூட்டியே இடம் ஒதுக்கலாம். தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீன்களை ஏரியில் விடாமல் இருக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, பெற்றோர்களே! ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் ஜாஹிழ் உயிரினங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றினார். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தின் தமீரியும் அவ்வாறே செய்தார். விலங்கியல் நமக்கு அந்நியக் கல்வியன்று. பொறியியலும் மருத்துவமும் வளைகுடா வேலையுமே படிப்பின் பயன் என்று கருதி, ‘மீனையும் பூச்சியையும் படித்து என்ன செய்வாய்?’ என்று பிள்ளைகளைத் தடுத்துவிடாதீர்கள். அடுத்த மழைக்கு ஏரி நிறையும்போது உங்கள் மகனையும் மகளையும் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே வாழும் மீன்களின் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பெயர்கள் கிடைக்கின்றன, அவற்றுள் எத்தனை மீன்கள் இன்னும் ஏரியில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கு நம் அமானிதத்தின் கணக்கு.