நிகழ்பட நாடா எண்ணிமமாக்கலுக்கான கணினி வன்பொருள்

நிகழ்பட நாடா எண்ணிமமாக்கல் என்பது, காந்த நாடாவில் தொடர் குறிகையாகப் பதிந்துள்ள படத்தையும் ஒலியையும் எண்களாக மாற்றிக் கணினிக் கோப்பாகச் சேமிப்பதாகும். பேச்சு வழக்கில் வீடியோ கேசட் எனப்படும் விஎச்எஸ் நாடாக்களே வீடுகளில் மிகுதியாக உள்ளன. இப்பணிக்குக் கணினி வாங்க முனைவோர் பலர் செயலியின் வேகத்தையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் படத்தின் தரம், குறிகை கணினியை அடையும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நாடாவை ஓட்டும் கருவிக்கே முதற்கவனம் தேவை. கணினியின் வேகம் கடைசியில் வருவது.

கொங்கு நாட்டுத் திருமண நாடாக்கள்

விஎச்எஸ் முறையை சப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய பின்னர் நாடாக் கருவிகள் பரவின. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரங்களில் 1990களில் நடந்த திருமணங்கள் பல இந்நாடாக்களிலேயே பதிவாயின.

இவை குடும்ப நினைவுகள் மட்டுமல்ல. இணைச்சீர் போன்ற கொங்குச் சடங்குகளும், மங்கல வாழ்த்துப் பாடலும் இவற்றில் அடங்கியுள்ளன. மங்கல வாழ்த்தின் சொற்கள் அச்சு நூல்களில் கிடைக்கும். ஆனால் ஓர் ஊரில் அதைப் பாடியவரின் குரலும், அவர் எங்கே நிறுத்தினார், எங்கே விரைந்தார் என்பதும் நாடாவில் மட்டுமே இருக்கக்கூடும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுப்பகுதியில் காங்கேயம் பகுதியில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக நூலுருப் பெற்றது. வீட்டுப் பரணில் கிடக்கும் நாடாக்களுக்கு அத்தகைய ஆய்வாளர் எவரும் இல்லை.

நாடாவை ஓட்டும் கருவி

சப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய விஎச்எஸ் கருவிகள் வருவது முடிவுற்றது. எனவே இன்று கிடைப்பவை யாவும் பழைய கருவிகள். இந்திய முறையான பால் வடிவில் கருவியின் உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதிலுள்ள தலைகள் தேய்வதும், இரப்பர் உருளிகளும் பட்டைகளும் இறுகுவதும் வழக்கமான பழுதுகள். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால் நாடாவைக் காட்டிலும் கருவியே முதலில் அரிதாகும் எனலாம்.

விஎச்எஸ் நாடாவில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியே பதிந்துள்ளன. மஞ்சள் நிறச் செருகியுடைய கூட்டுக் குறிகைக் கம்பி இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. கணினி மீண்டும் அவற்றைப் பிரிக்க வேண்டியுள்ளது. எஸ்-வீடியோ கம்பி அவற்றைத் தனித்தனியாகவே கொண்டுசெல்வதால் நிறக் கசிவு குறையும. 1987இல் வந்த எஸ்-விஎச்எஸ் வகைக் கருவிகளில் இவ்வசதி உண்டு. அவை சாதாரண விஎச்எஸ் நாடாக்களையும் ஓட்டும்.

பூஞ்சை பிடித்த நாடாவை எக்காரணம் கொண்டும் நேரடியாகக் கருவியில் இடலாகாது. வெண்பொடி தலைகளில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும்.

நேரச்சீராக்கி

நாடா நீள்வதாலும் இயந்திர அசைவாலும் படத்தின் ஒவ்வொரு வரியும் சரியான கணத்தில் தொடங்குவதில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சி இப்பிழையைப் பொறுத்துக்கொண்டது. பிடிப்புக் கருவி பொறுக்காது. அது சில சட்டகங்களைக் கைவிடுகிறது. விடுபடும் சட்டகங்கள் சேரச்சேர ஒலி விலகுகிறது. மூன்று மணி நேர நாடாவின் முடிவில், திரையில் தாலி கட்டிய பின்னரே கெட்டிமேளம் கேட்கும்!

வரித்தொடக்கங்களைச் சீர்செய்யும் கருவி நேரச்சீராக்கி எனப்படும். உயர்தர எஸ்-விஎச்எஸ் கருவிகள் சிலவற்றில் இது உள்ளமைந்துள்ளது. தனிக் கருவிகள் விலை மிக்கவை. 2000களில் விற்ற டிவிடி பதிவுக் கருவிகள் சிலவற்றின் வழியே குறிகையைக் கடத்தினாலும் கணிசமான பயன் கிடைக்கும். பயன்படாது என ஒதுக்கப்பட்ட அத்தகைய கருவி உறவினர் வீட்டில் இருந்தால், புதிய வரைகலை அட்டையை விட அது பயனுள்ளது.

பிடிப்புக் கருவி

பால் வடிவப் படம் 720×576 படப்புள்ளிகளாக, நொடிக்கு 25 சட்டகங்களாகப் பிடிக்கப்படுகிறது. ஒரு படப்புள்ளிக்கு இரண்டு பைட்டு எனக் கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 21 மெகாபைட்டு ஆகும். யூஎஸ்பி 2.0 இணைப்பே இதைத் தாங்கும். ஆனால் பல கருவிகள் பகிரும் இணைப்பு மையத்தில் செருகாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுதல் நன்று.

பழைய கணினிகளில் பிசிஐ துளையில் பொருத்தப்பட்ட தொலைக்காட்சி அட்டைகள் இன்றும் நல்ல படம் தருவனவே. அத்தகைய அட்டையுள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தோடு இணைக்காமல் இப்பணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாறாக, கூட்டுக் குறிகையை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் மலிவுப் பெட்டிகள் படத்தை 1080 வரிகளாக ஊதிப் பெருக்குகின்றன. நாடாவில் இல்லாத நுணுக்கம் இதனால் வந்துவிடுவதில்லை. பின்னிய வரிகளைப் பெட்டியே தன் போக்கில் இணைத்துவிடுவதால், நொடிக்கு 50 அரைச்சட்டகங்களில் இருந்த அசைவும் சிதையும்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடாக்கள் என்டிஎஸ்சி வடிவிலானவை. இந்தியாவில் விற்ற கருவிகள் சில இவற்றை ஓட்டினாலும் பால், என்டிஎஸ்சி இரண்டும் கலந்த குறிகையையே தரும். தொலைக்காட்சியில் படம் தெரிந்தாலும் பிடிப்புக் கருவி அதை ஏற்காதிருக்கலாம்.

மினிடிவி நாடாவில் ஏற்கெனவே எண்ணிமத் தரவே உள்ளது. அதை ஃபயர்வயர் இணைப்பின் வழியே அப்படியே படியெடுக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2025இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது; ஆகவே பழைய மேக் கணினி அல்லது ஃபயர்வயர் அட்டை பொருத்திய மேசைக் கணினி தேவை.

கணினி, வன்தட்டு, மின்சாரம்

மேற்கூறிய வேலைக்கு இரண்டு கருக்கள் கொண்ட பழைய செயலியும் போதும். மிச்சமாகும் பணத்தை வன்தட்டில் செலவிடுவதே தகும். சுருக்காத நிகழ்படம் மணிக்கு ஏறக்குறைய 75 கிகாபைட்டு இடம் பிடிக்கும். இழப்பின்றிச் சுருக்கும் எஃப்எஃப்வி1 போன்ற முறைகளில் இது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். பத்து நாடாக்கள் உள்ள குடும்பத்துக்கு 2 டெராபைட்டு வன்தட்டுகள் இரண்டு பொருத்தமாகும். ஒன்று வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். வன்தட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது.

மூன்று மணி நேரப் பிடிப்பின் நடுவே மின்சாரம் போனால் ஏவிஐ கோப்பின் அட்டவணை எழுதப்படாமலே நின்றுவிடும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு மாவட்டங்கள் கண்ட நீண்ட மின்வெட்டு இன்று இல்லையெனினும், ஒரு கண இடைவெளியே போதும். கணினிக்கும் நாடாக் கருவிக்கும் சேர்த்து யூபிஎஸ் அமைப்பது நல்லது.

ஏற்கெனவே வீசிடி ஆக்கப்பட்ட நாடாக்கள்

2000களில் பல குடும்பங்கள் தம் நாடாக்களை வீசிடி வட்டுகளாக மாற்றின. வீசிடியின் படம் 352×288 புள்ளிகளே. வரிகளில் பாதியும், அசைவின் மென்மையும் அம்மாற்றத்தில் போய்விட்டன. ஆகவே வட்டு இருக்கிறது என்பதால் நாடாவை எறிந்துவிடாமல், அது ஓடும் நிலையில் உள்ளபோதே மீண்டும் பிடிக்க வேண்டும்.