எத்தனை சதம் அடித்தவர்?

பிள்ளைக்குப் பேட்டிங் பயிற்சியாளர் தேடும்போது, அவர் எத்தனை சதம் அடித்தவர் என்றே கேட்கிறோம். அந்தக் கேள்வி போதாது. சென்னையின் டபிள்யூ.வி. ராமன் ஆடியது 11 டெஸ்ட்; அதிகபட்சம் 96 ரன். அவர் பயிற்றுவித்த இந்திய மகளிர் அணி 2020-இல் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை சென்றது. அணியில் திறமைசாலிகள் இருந்தார்களே என்பீர்கள், உண்மைதான். அப்படியானால் அமெரிக்க பேஸ்பாலையும் பாருங்கள். பேட்டிங் பயிற்சியாளர் சார்லி லாவ், தாம் ஆடிய காலத்தில் நூறு வாய்ப்புக்குச் சுமார் 25 ஹிட்தான் அடித்தார். அவரிடம் கற்ற ஜார்ஜ் பிரெட் 1980-இல் நூறுக்கு 39 என்ற விகிதத்தை எட்டினார். இயல்பாகவே அடிக்க வருகிறவருக்கு அதைப் பிரித்துப் பார்க்கும் அவசியம் அதிகம் வருவதில்லை. தடுமாறியவரோ கால், தோள், பார்வை என ஒவ்வொன்றாக ஆராய்ந்தே ஆடியிருப்பார். பிள்ளையின் பிழை அவர் கண்ணில் விரைவில் படும்.