உங்களுக்குத் தெரியுமா? பசுந்தாள் உரத்தில் முதல் பந்தி யாருக்கு?

◆ தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் அது நேராகத் தக்காளிக்கும் கத்தரிக்கும் போய்ச் சேராது. முதல் பந்தியில் உட்காருவது நுண்ணுயிரிகள். அவை தின்று தீர்த்து, தாமும் மடிந்த பிறகுதான் தழைச்சத்தில் பெரும்பங்கு வேருக்குக் கிடைக்கும்.

◆ வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில்தான் நுண்ணுயிரிகளின் கூட்டம் அதிகம். வேரில் கசியும் சர்க்கரையும் அமிலமும் அவற்றை இழுக்கின்றன. இந்த மண்ணுக்கு 1904-ல் 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டவர் ஜெர்மானியர் லோரென்ஸ் ஹில்ட்னர். எந்த உரையில் தெரியுமா? பசுந்தாள் உரத்தையும் தரிசு போடுவதையும் பற்றிய உரையில்!

◆ பூக்கும் தறுவாயில் உள்ள சணப்பை வேரோடு பிடுங்கி, வேரிலுள்ள ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிறத்தைத் தருவது நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை.

◆ பூ எடுக்கும்போதே, அதாவது 45-50 நாளில், உழுதுவிட வேண்டும். விதை கிடைக்குமே என்று விட்டால் தண்டு நாராகிவிடும். நாரில் கரிமம் அதிகம், நைட்ரஜன் குறைவு. அதைச் செரிக்க நுண்ணுயிரிகள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். உடனே யூரியா மூட்டையைத் தேடி ஓடுவோம்!

◆ உழுத கையோடு நாற்று நடாதீர்கள். பச்சைத் தழையைக் கண்டதும் முந்திக்கொண்டு பெருகுவதில் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியமும் உண்டு. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால், அதற்குப் போட்டியான மற்ற நுண்ணுயிரிகள் பெருகி அதை அடக்கிவிடும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் நாள் கணக்குச் செல்லாது.

◆ உருளைக்கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறிநோயை மருந்தில்லாமல் மட்டுப்படுத்த முடியுமா? ரை என்ற தானியப் பயிரைப் பச்சையாக உழுது சேர்த்தால் நோய் குறைவதற்கு, மண்ணில் பெருகும் எதிரி நுண்ணுயிரிகள் காரணமாக இருக்கலாம் என்று 1926-லேயே சொன்னார் கனடாவின் சான்ஃபோர்ட். நுண்ணுயிரியைக் கொண்டே பயிர் நோயை அடக்கலாம் என்ற எண்ணத்தின் தொடக்கப் புள்ளிகளில் அதுவும் ஒன்று. பிறகு கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆண்டுதோறும் சோயாவை மடக்கி உழுத பாத்திகளில் சொறி பெருகவில்லை. பார்லி போட்ட இடத்தில் பெருகியது. பசுந்தாள் என்றாலே எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இன்று டப்பாவில் விற்கிற பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாதான் சோயா மண்ணில் சொறியை எதிர்த்ததாக அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

◆ கடுகுச் செடியை உழுதால் அதன் காரம் சில நோய்க் கிருமிகளை அடக்கும். ஆனால் கடுகு வேரில் வேர் உட்பூசணம் குடியேறாது. மணிச்சத்துக்கு அந்தப் பூசணத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் வெங்காயம் அடுத்த பயிர் என்றால், அதற்கு முன் சணப்பு விதைப்பதே மேல்.